பட்டறைக்கு சாஃப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் ஒரு பிளேட்டை வெட்டிப் பாருங்கள்

திருச்சி துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை (இரும்புத் தகடுகளை வெட்டி, பொருத்தி, வெல்டிங் செய்யும் பட்டறை) வைத்திருக்கிறேன். பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். பிளேட், அதாவது இரும்புத் தகடு, வாடிக்கையாளருடையது, கட்டிங், ஃபிட்டிங், வெல்டிங் எங்களுடையது, கூலி கிலோ கணக்கில். இதைத்தான் ஜாப் ஒர்க் என்போம். இதே தொழிலில் இருப்பவர்கள் நான் ஏமாந்த இடத்தில் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கென்றே செய்த ஈ.ஆர்.பி.’ (ஸ்டாக், பில், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) என்று சொல்லிக்கொண்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். டெமோவில் போல்ட் வாங்கினார்கள், போல்ட் விற்றார்கள், ஸ்டாக் சரியாகக் குறைந்தது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. முழுத் தொகையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்றதும் 1,80,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். போல்ட் வேறு, பிளேட் வேறு என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பிளேட் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். 10 மி.மீ. தடிமன், 1500 மி.மீ. அகலம், 6300 மி.மீ. நீளத்தில் பிளேட் ஒன்று வருகிறது. அதில் 4000 நீளம் வெட்டி எடுத்தால் 2300 மிச்சம். வெட்டுவதற்கு முன்பே ஹீட் நம்பரை (பிளேட் எந்த உருக்கிலிருந்து வந்தது என்று ஆலை போடும் எண்) மிச்சம் நிற்கப்போகும் பக்கத்திலும் பஞ்ச் அடித்து, ஃபிட்டர் அண்ணன் சாக்கில் அளவு எழுதி, நோட்டில் ஏற்றிவிடுவார். அடுத்த வேலைக்கு அந்தத் துண்டுதான் கைகொடுக்கும்.

இவர்கள் சாஃப்ட்வேரில் பிளேட் என்பது ‘1 எண்ணம்’. கட்டிங்குக்குக் கொடுத்ததும் ஸ்டாக் பூஜ்யம். 2300 துண்டு அவர்கள் கணக்கில் கிடையவே கிடையாது. போன் போட்டுக் கேட்டால், "அதைப் புது பர்ச்சேஸ் என்று போட்டுக்கோங்க சார்" என்கிறார்கள். நம்முடையதே இல்லாத பொருளுக்குப் பர்ச்சேஸ் எப்படிப் போடுவது? வாடிக்கையாளர் சலானில் (பொருளோடு வரும் சீட்டு) ஒரு பிளேட் அனுப்பியிருக்கிறார், நம் கணக்கில் இரண்டு வந்ததாகக் காட்டும்.

இதைவிடப் பெரிய சேதம் தரையில் நடந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நான்தான் நோட்டை நிறுத்தச் சொன்னேன். நோட்டு நின்றதும் பஞ்ச் அடிக்கும் பழக்கமும் மெல்ல நின்றுபோனது. நாலு மாதம் கழித்து ரேக்கில் துண்டுகள் அடுக்கி நிற்கின்றன, எது எந்த ஹீட் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் இரண்டு துண்டுகளைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நல்ல பிளேட் ஸ்கிராப்புக்குப் போனது. அதற்கு ஈடாக எங்கள் காசில் பிளேட் வாங்கி வைத்தோம்.

அப்புறம் எடை. ஒருநாள் வாடிக்கையாளரின் ஸ்டோரிலிருந்து போன். "உங்க சலான்ல 2,000 கிலோ, நம்ம எடை மேடையில 1,960. ஒவ்வொரு லோடுக்கும் உங்க எடை இப்படி அதிகமாவே வருதே சார்?" பதினோரு வருடப் பழக்கம், அவர் அப்படிக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். 10 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட் ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ, இது நமக்கெல்லாம் மனப்பாடம். சாஃப்ட்வேர் 80 என்று போட்டிருந்தது. அடர்த்தி 7.85 இருக்க வேண்டிய இடத்தில் 8. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை செய்யும் யாருக்கோ வைத்ததை அப்படியே எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். மாற்றச் சொன்னால், பொருளுக்குப் பொருள் தனி அடர்த்தி வைக்க வசதி இல்லையாம். அதுவரை போட்ட பில்களுக்கெல்லாம் கிரெடிட் நோட் (அதிகமாகப் போட்ட தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டு, நேரில் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன்.

ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கட்டாமல் நிறுத்தினேன். மறுவாரமே லாகின் திறக்கவில்லை. டேட்டா முழுக்க அவர்கள் சர்வரில். ஏப்ரல் மாதம். அக்டோபர் முதல் மார்ச் வரை என்ன பொருள் வந்தது, என்ன திரும்பிப் போனது என்று வாடிக்கையாளரின் கணக்கர் கேட்கிறார்; ஏப்ரல் 25-க்குள் அவர்கள் ஐ.டி.சி.-04 (ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த பொருளுக்கான ஜி.எஸ்.டி. படிவம்) போட வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே நமக்கு விற்றதாக எடுத்துக்கொண்டு அவர்கள் தலையில் வரி விழும். அவர் அவசரப்படுவதில் தப்பே இல்லை. சாஃப்ட்வேர்காரர்களோ டேட்டாவைக் கொடுக்க 45,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் பி.டி.எஃப். ஆகத்தானாம். பேப்பர் சலான்களை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். என் மச்சான் மகள் ஒன்பது நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எக்செல்லில் ஏற்றிக் கொடுத்தாள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அது அடுத்தவர் சர்வரில் பூட்டிக் கிடந்தால் அதிகாரியிடம் என்ன காட்டுவீர்கள்?

யாராவது டெமோவுக்கு வந்தால் அவர்கள் கொண்டுவரும் உதாரணத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் சலான் ஒன்றைக் கையில் கொடுங்கள். பிளேட்டை உள்ளே ஏற்றி, பாதி வெட்டி, மிச்சத்தை அதே ஹீட் நம்பரோடு ஸ்டாக்கில் காட்டச் சொல்லுங்கள். ஸ்கிராப் எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு, இரண்டும் மிச்சத் துண்டும் சேர்ந்து வந்த எடைக்குச் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மொத்த டேட்டாவையும் எக்செல்லில் உங்கள் பென்டிரைவுக்கு அங்கேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். ஏ.எம்.சி. நின்றாலும் டேட்டா உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியது சேராது, சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியிருந்தால்தான் விலக்கு, பதினாலு பேர் வைத்து நடத்தும் பட்டறைக்கு அது கஷ்டம் என்றார். இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.