ஹவுஸ் காஸ் நடைச் சுற்றுலா: பாதி அருமை, பாதி அவசரம்

போன மாதம் டெல்லியில் ஒரு ஞாயிறு காலை எண்ணூறு ரூபாய் கட்டி இந்த நடைக்குப் போனேன். சுல்தான்கள் காலத்து விவசாயமும் சந்தையும் என்று போட்டிருந்ததுதான் காரணம், அரண்மனைக் கதைகள் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. ஏழு மணி என்றார்கள், கிளம்பியது ஏழே முக்காலுக்கு. வழிகாட்டியின் இந்தி வேகம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, ஆனால் திரும்பக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொன்னார்.

முதல் ஒரு மணி நேரம் காசுக்குத் தகும். தான் கட்டிய சிரி நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி வெட்டிய குளம்தான் ஹவுஸ் காஸ். அதன் கரைப் படியில் எங்களை உட்கார வைத்து, பையிலிருந்து ஒரு பிடி கோதுமையை எடுத்து என் கையில் கொட்டி, "என்ன விலை?" என்றார். கில்ஜி கட்டிய விலை, மணங்கு கோதுமை ஏழரை ஜித்தல் (அன்றைய சில்லறைக் காசு), பார்லி 4, அரிசி 5. அந்த மணங்கு இன்றைய 15 கிலோவைத் தாண்டாது. தங்கா என்ற வெள்ளி நாணயம் ஒன்றுக்கு 48 ஜித்தல் என்றால் ஆறு மணங்குக்கு மேலேயே வாங்கலாம். எடையில் குறைத்த கடைக்காரரின் உடம்பிலிருந்து அதே அளவு சதையை அறுப்பார்களாம், சுல்தான்கள் கால வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணி எழுதி வைத்திருக்கிறார்.

சரி, இவ்வளவு மலிவுக்கு யார் தலையில் மிளகாய் அரைத்தார்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார்: கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே நிலத்தை அளந்து மகசூலில் சரிபாதி வரி, வீட்டுக்குத் தனியாக, மாடு மேய்க்கத் தனியாக. ஊர்த்தலைவர்களின் சலுகையும் போயிற்று. தானியத்தைக் களத்துமேட்டிலேயே சொன்ன விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் மங்கோலியரைத் தடுக்கும் பெரும்படை குறைந்த சம்பளத்தில் வயிறு நிறையச் சாப்பிட. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சியிருக்காது.

அப்புறம்தான் சறுக்கல். தூர்ந்துபோன இதே குளத்தைச் சீர்செய்த பிரோஸ் ஷா துக்ளக்கின் கல்லறையில் அரை மணி நேரம் போட்டோவுக்கே போனது. யமுனையிலிருந்து ஹிசார் வரை அவர் வெட்டிய கால்வாய், அந்தத் தண்ணீருக்குப் பத்தில் ஒரு பங்கு வரி, இவ்வளவும் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. முகமது பின் துக்ளக்கின் பித்தளை நாணயத்தை வைத்து ஒரு ஜோக் அடித்தார், ஆனால் அந்த சுல்தான் வரியை ஏற்றிய பிறகு வந்த பஞ்சத்தையும், பின்னால் விவசாயிகளுக்குக் கொடுத்த கடனையும் பற்றி மூச்சே விடவில்லை. தலைப்பில் விவசாயம் என்று போட்டுவிட்டு இதை விட்டால் எப்படி?

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தண்ணீர் அவர்கள் தருவதில்லை, கையோடு கொண்டுபோங்கள், கேள்விகளை மட்டும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள்.