ஸ்ப்ளெண்டருக்கு எந்த டயர், செயினுக்கு எந்த எண்ணெய்?

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு ஸ்ப்ளெண்டர் பிளஸ் நிற்கின்றன. அப்பா ஓட்டி எனக்கு வந்த 2009 மாடல் ஒன்று, ஸ்போக் வீல். தம்பியின் 2021 மாடல் இன்னொன்று, அலாய் வீல். இரண்டிலும் அதே 97.2 சிசி இன்ஜின்தான். இந்த வருடம் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் டயரும் செயினும் முடிந்தன. செலவைப் பாதியாக்க ஒரே மாதிரி வாங்கிப் போட்டுவிடலாம் என்று கிளம்பினோம். கடைசியில் இரண்டுக்கும் வேறு வேறு சாமான்தான் வாங்க வேண்டியிருந்தது.

முதல் கேள்வி டியூப்பா, டியூப்லெஸ்ஸா. டியூப்லெஸ் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டியூப் டயரில் ஆணி ஏறினால் டியூப் கிழிந்து காற்று மொத்தமும் சட்டென்று போய்விடும். முன் சக்கரத்தில் அது நடந்தால் ஹேண்டில் ஆடும் ஆட்டத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். டியூப்லெஸ்ஸில் ஆணியையே ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையில் ஒரு ரப்பர் ஸ்ட்ரிப் செருகி வேலையை முடித்துவிடலாம்.

ஆனால் என் வண்டிக்கு இது உதவாது. ஸ்போக் வீலில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துத்தான் நிற்கிறது. அத்தனை ஓட்டைகள் வழியாகவும் காற்று போகும். 'டியூப்லெஸ் டயரையே போட்டு உள்ளே ஒரு டியூப் வைத்துவிடலாம்' என்று கடையில் சொன்னார்கள். வைக்கலாம், ஓடும். ஆனால் பஞ்சர் ஆனால் அது டியூப் டயர் மாதிரிதான் நடந்துகொள்ளும். கூடுதல் காசு கொடுத்ததற்கு என்ன பலன்? அலாய் வீல் வைத்திருப்பவர்களும் அவசரப்படக் கூடாது. பழைய அலாய்களில் டியூப் போடுவதற்கென்றே வார்த்தவை நிறைய உண்டு. ரிம்மில் டியூப்லெஸ் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது அளவு. மனசு அலைபாயும் இடம் இதுதான். என் வண்டிக்கு கம்பெனி கொடுத்தது முன்னும் பின்னும் 2.75-18, அதாவது 2.75 அங்குல அகலம், 18 அங்குல ரிம். தம்பி வண்டிக்கு இரண்டு பக்கமும் 80/100-18. நானும் ஒரு காலத்தில் பின்னால் தடியான டயர் இருந்தால் வண்டி கெத்தாக இருக்கும் என்று நினைத்து 100/90-18 போட்டவன்தான். கணக்கைப் பாருங்கள். முதல் எண் மி.மீ.-இல் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது: 80/100 டயரின் சுவர் உயரம் 80 மி.மீ., 100/90-இன் உயரம் 90 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் சக்கரத்தின் விட்டம் 20 மி.மீ. கூடுகிறது, அதாவது சுமார் 3 சதவீதம். என் 2.75-உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் அதிகம். எட்டு குதிரைத்திறன் இன்ஜினுக்கு இது கூடுதல் பாரம். மேம்பாலம் ஏறும்போது நான்காவது கியரில் வண்டி திணறியது, மைலேஜ் குறைந்தது, போதாததற்கு டயர் ஓரம் செயின் கவரில் உரசிக் கருப்புக் கோடு போட்டது. மூன்று மாதத்தில் கழற்றிவிட்டேன். 2.75-இலிருந்து ஒரு படி ஏற்ற வேண்டும் என்றே தோன்றினால் பின்னால் 3.00-18 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 42P, 48P, 54P என்று போட்டிருப்பார்கள். P என்பது வேகம், மணிக்கு 150 கி.மீ. வரை. நம் வண்டிக்கு அது தேவையே இல்லை. எண்தான் முக்கியம், அது பாரம். 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180, 54 என்றால் 212. முன் சக்கரத்துக்கான 42-ஐப் பின்னால் போட்டுவிட்டு மனைவி, குழந்தை, ஒரு அரிசி மூட்டையோடு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

ரப்பரில் இரண்டு ஜாதி. கெட்டியானது நிறைய நாள் உழைக்கும், மழையில் பிடிப்பு குறையும். மிருதுவானது ஈரச் சாலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் தேயும். எம்ஆர்எஃப், சியட், மதுரையில் தயாராகும் டிவிஎஸ் யூரோகிரிப் என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். நான் பெயரை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தை. 1424 என்றால் 2024-இன் 14-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி விலையில் தருகிற டயர் சில சமயம் மூன்று, நான்கு வருடம் பரணில் கிடந்ததாக இருக்கும். தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீபட்டன் டயர் பக்கமே போகாதீர்கள், இரண்டு சக்கரத்தில் அது விஷப் பரீட்சை. பட்டன் ஆழம் 0.8 மி.மீ.-க்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மழைக்காலத்தில் ஓட்டுகிறவர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, செயின். இங்கே சண்டை கியர் ஆயிலுக்கும், செயினுக்கென்றே டப்பாவில் வரும் ஸ்பிரேக்கும். கடைசி பெஞ்சில் பழைய இன்ஜின் ஆயிலும் கிரீஸும் உட்கார்ந்திருக்கின்றன.

செயின் 'நீள்கிறது' என்கிறோமே, உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள பின் என்கிற சிறு ஆணியும் அதைச் சுற்றிய புஷ் என்கிற குழலும் தேய்ந்து, தலைமுடி அளவு இடைவெளிகள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சேர்ந்து நீளமாகின்றன. அதனால் எண்ணெய் போக வேண்டிய இடம் அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்தான். கிரீஸை மேலே அப்பினால் உள்ளே போகாது, மண்ணைத்தான் பிடித்து வைக்கும். அந்தக் காலத்து புல்லட்காரர்கள் செயினைக் கழற்றி, உருக்கிய கிரீஸில் ஊறப் போட்டதற்குக் காரணம் இதுதான். பழைய ஆயில் உள்ளே போகும், ஆனால் இன்ஜின் தேய்ந்த இரும்புத் துகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். காய்ந்து கிடப்பதற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஸ்ப்ளெண்டரின் செயின் முழுக் கவருக்குள் ஓடுகிறது. இணைப்புகளில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இல்லாத சாதாரண 428 அளவு செயின். இதற்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும், ஸ்பிரே தேவையில்லை. தெறித்தாலும் கவருக்குள்ளேதான் தெறிக்கும். கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து, இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 500 கி.மீ.-க்கு ஒரு முறை. ஸ்பிரே வாங்கும் காசில் ஒரு பாட்டில் கியர் ஆயில் வருடக்கணக்கில் வரும். செயின் வெளியே தெரியும் வண்டி என்றால் என் ஓட்டு ஸ்பிரேவுக்கு. கியர் ஆயில் அங்கே பின் ரிம்மையும் பேண்ட்டையும் நனைத்துவிடும். ஓட்டி வந்ததும் செயின் சூடாக இருக்கும்போது அடித்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயில் துடைக்கலாம், பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரப்பரைக் கெடுக்கும்.

இறுக்கம் விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது, அதில் ஓவர் டைட் செய்வதுதான் மோசம். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே சுமார் 25 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். ஆள் ஏறினால் அது இன்னும் இறுகும். பின் சக்கர அச்சின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் கோடுகள் சமமாக இருக்க வேண்டும். சக்கரம் பின்னால் நகர்ந்தால் பின் பிரேக்கை இயக்கும் கம்பியான பிரேக் ராடும் இழுபடும், அதையும் சரிசெய்யுங்கள். மெக்கானிக்குகளே இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி போட்டி: செயின் மட்டுமா, இல்லை அது ஓடும் பல் சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளோடு சேர்த்து செட்டாகவா? தம்பி செயினை மட்டும் மாற்றலாம் என்றான். புதிய 428 செயினில் 20 இணைப்புகள் 254 மி.மீ. இருக்கும். அவனுடையது 260-ஐத் தொட்டிருந்தது, பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. அந்தப் பல்லில் புதுச் செயினை ஓட்டினால் அதுவும் சீக்கிரமே பழசாகிவிடும். கோயம்புத்தூர்த் தயாரிப்பான ரோலான் செட் ஒன்று வாங்கினோம். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கை மட்டும் நானே போட்டேன், மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து. அவனிடம் விட்டிருந்தால் திருப்பிப் போட்டிருப்பான்.