வீட்டில் ஆங்கிலம் எழுதச் சொல்லித்தர எந்தப் பாடத்திட்டம்? எங்கள் அனுபவம்

அமெரிக்காவின் டெக்சாஸில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1994-ல் வீட்டுக்கல்வி பற்றிய லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை என ஐந்தையும் எழுத்து வடிவில் உள்ள ஒரு பாடத்திட்டத்தை வைத்து உண்மையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஐந்தில் மூன்று மொழிப்பாடம். எதை வாங்குவது என்பது முழுக்க நம் பொறுப்பு.

எனக்கு ஏழாம் வகுப்பில் ஒரு மகள், மூன்றாம் வகுப்பில் ஒரு மகன். வாசிக்கப் பழக்கியதில் குழப்பம் வரவில்லை. ஆல் அபவுட் ரீடிங் என்ற பாடத்திட்டத்தை எடுத்தோம். எழுத்து வில்லைகளை நகர்த்தி ஒலியைப் பிடிக்கும் முறை இருவருக்கும் ஒத்துவந்தது. தவித்தது எழுதப் பழக்குவதில்தான். பிரேவ் ரைட்டர், ஐ.இ.டபிள்யூ. (இன்ஸ்டிடியூட் ஃபார் எக்சலன்ஸ் இன் ரைட்டிங்), ரைட்டிங் வித் ஈஸ் என்று ஆங்கிலம் எழுதப் பழக்கும் மூன்று பாடத்திட்டங்களையும் வீட்டில் நடத்திப் பார்த்தேன்.

விலை, அட்டை, படங்கள் எல்லாம் வாங்கும் அன்றைக்கு மட்டும்தான் கண்ணில் படும். தினமும் பிள்ளை பக்கத்தில் உட்காரப்போவது யார், அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் கடைசிவரை நிற்கிற கேள்வி. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். ஓர் ஆங்கில வாக்கியம் இடறினால் காது சொல்லிவிடும். ஏன் இடறுகிறது, எப்படித் திருத்துவது என்று குழந்தைக்கு விளக்க வராது. கணக்கில் விடையைச் சரிபார்த்து டிக் போடலாம். கட்டுரையில் அது நடக்காது.

ஜூலி போகார்ட் தொடங்கிய பிரேவ் ரைட்டரில் குழந்தை மனதில் பட்டதைத் தடையில்லாமல் எழுதும், அம்மா கூட்டாளியாக உட்கார்ந்து அதை வளர்க்க வேண்டும். தேநீரும் பலகாரமும் வைத்துக் கவிதை வாசிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தது, இன்றும் விடவில்லை. ஆனால் எழுதியதை எந்தப் பக்கம் வளர்ப்பது என்று அம்மாவுக்கு அந்த மொழியில் தெரிந்திருக்க வேண்டும். நான் நடத்தியது நான்கு மாதம்தான். ஆங்கிலத்திலேயே வளர்ந்த பெற்றோருக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் நின்றது சூசன் வைஸ் பாவரின் ரைட்டிங் வித் ஈஸில். வாரத்துக்கு நான்கு நாள், எங்கள் வீட்டில் நாளுக்கு இருபது நிமிடம். பார்த்தெழுதுதல், கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல், இரண்டாம் நிலையிலிருந்து சொல்வதெழுதுதல். புத்தகத்தைத் திறந்ததும் நம் ஊர் ஆரம்பப் பள்ளி ஞாபகம் வந்துவிட்டது. எழுதுவது என்பது இரண்டு வேலை என்பது அவர் வாதம்: எண்ணத்தைச் சொல்லாக்குவது ஒன்று, சொல்லைத் தாளில் இறக்குவது இன்னொன்று. சின்னக் குழந்தையிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடாது. அதனால் பையன் கதையைக் கேட்டு வாயால் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். எழுதும் கை களைக்காததால் அவன் வாக்கியங்கள் நீளமாக, முழுதாக வருகின்றன.

நான் கேட்க வேண்டிய கேள்விகளைப் புத்தகமே எழுதித் தருகிறது. குழந்தை தடுமாறினால் எப்படி எடுத்துக்கொடுப்பது என்பதும் உண்டு. என் ஆங்கிலத்தை நம்பி எதுவும் நிற்கவில்லை, எனக்கு வேண்டியதும் அதுதான். மகளுக்கு மூன்று வருடம் இதைத்தான் நடத்தினேன். மாணவர் பக்கங்களைச் சொந்தக் குடும்பத்துக்கு நகலெடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதே புத்தகங்கள் இப்போது மகனுக்கு.

நடுநிலை வகுப்புக்கு இது போதாது. அதே வரிசையில் அடுத்து வரும் ரைட்டிங் வித் ஸ்கில்லை நான் தொடவில்லை. மகளுக்கு ஐ.இ.டபிள்யூ.-வின் பி நிலையை எடுத்தேன். ஆண்ட்ரூ புடேவா காணொளியில் நேரடியாகப் பாடம் நடத்துகிறார். ஒரு பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அதிகபட்சம் மூன்று முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவைத்து, அதைச் சொந்த நடையில் எழுத வேண்டும். வலுவான வினைச்சொல், நல்ல பெயரடை, ஒரு ‘பிகாஸ்’ வாக்கியம் என்று பத்திக்குப் பத்தி பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் கையில் இருப்பதால் என்னாலும் திருத்த முடிகிறது. அவள் எழுத்தில் அலங்காரச் சொற்கள் சில நேரம் வேண்டாத இடத்தில் வந்து உட்காருகின்றன. பழகினால் உதிருமா என்பதை ஒரு வருட அனுபவத்தில் சொல்லிவிட முடியாது.

என்னை ரைட்டிங் வித் ஈஸ் பக்கம் முழுதாகச் சாய்த்தது இன்னொன்று. நான்கு வருடத்துக்கான முறையை ஒரே புத்தகத்தில் தந்து, பத்திகளை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லும் பதிப்பு ஒன்று இருக்கிறது. பத்தி நம் கையில் என்றால் மொழியும் நம் கையில்தானே! வெள்ளிக்கிழமைகளில் அதே முறையில் ஒரு பஞ்சதந்திரக் கதை, தமிழில். சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து மாமனார் வீடியோ காலில் இரண்டு வரி சொல்ல, பையன் எழுதி, தாளைக் கேமராவுக்கு நேரே பிடிப்பான். போன வாரம் ‘பள்ளம்’ சரியாக வந்தது. ‘பழம்’ இன்னும் ‘பலம்’தான், தாத்தா விடாமல் திருப்பி எழுதச் சொல்கிறார்.