மீதிங்க்ஸா, ஐ திங்க்கா?

பழைய ஆங்கில நாடகம் படித்த சூட்டோடு, கட்டுரையில் ‘ஐ திங்க்’ என்பதற்குப் பதிலாக ‘மீதிங்க்ஸ்’ (methinks) போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு.

பொருள்
ஐ திங்க்: நான் நினைக்கிறேன்.
மீதிங்க்ஸ்: எனக்குத் தோன்றுகிறது.

ஒரே வினை மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. பழைய ஆங்கிலத்தில் நினைப்பதற்கு ஒன்று, தோன்றுவதற்கு ஒன்று என இரண்டு வினைகள் இருந்தன. பின்னாளில் ஒலி ஒன்றாகிவிட்டது.

இலக்கணம்
ஐ திங்க்: ‘ஐ’ எழுவாய்.
மீதிங்க்ஸ்: ‘மீ’ எழுவாய் அல்ல, நம் ‘எனக்கு’. அதனால்தான் ‘இட் சீம்ஸ்’ போல வினையில் அந்த ‘ஸ்’. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று பேசுகிற நமக்கு இது உடனே பிடிபடும், ஆங்கிலேயருக்குத்தான் விசித்திரம்!

இறந்தகாலம்
ஐ தாட், மீதாட். அவ்வளவுதான்.

இடம்
ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ராணியின் புகழ்பெற்ற வரி: ‘தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்’ (அந்தப் பெண் அளவுக்கு மீறி உறுதி கூறுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது). இதில் ‘மீதிங்க்ஸ்’ கடைசியில் வரும். மேற்கோள் காட்டுபவர்கள் அதை முன்னால் இழுத்துவிடுகிறார்கள்.

தேர்வுத்தாள், அலுவலக மின்னஞ்சல், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ‘ஐ திங்க்’தான். நண்பரைக் கிண்டலடிக்க, அல்லது சரித்திரக் கதையில் பாத்திரத்தைப் பேசவைக்க ‘மீதிங்க்ஸ்’ சரி. மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம், நக்கல் என்று எடுத்துக்கொள்வார்.