மாதம் இருநூறு ரூபாய்: வாலிபர் ஊழியத்துக்கு இணையவழிக் காணிக்கைச் சேவை ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

குன்னூருக்கும் கேத்திக்கும் இடையிலுள்ள சில தேயிலைக் கிராமங்களில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திவரும் வாலிபர் ஊழியத்துக்கு நான் பொருளாளர். சனிக்கிழமை மாலைக் கூடுகை, மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் முகாம், முழுநேரமாக உழைக்கும் ஒரு தம்பிக்கு மாதப்படி என்று எங்கள் செலவு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். காணிக்கை உறைகள், உண்டியல் டப்பாக்கள், அறுப்பின் பண்டிகையில் படைக்கப்படும் பொருட்களின் ஏலம் ஆகியவற்றைக் கொண்டே அதுவரை சமாளித்துவந்த நாங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஊழியத்தைப் பணத்தால் தாங்குபவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் காணிக்கையைத் தானாகப் பெற்றுத் தரும் ஓர் இணையவழிச் சேவையில் சேர்ந்தோம். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. சொல்லப்போகும் குறைகளில் பாதி எங்கள் அறியாமையால் வந்தவை. மீதிப் பாதி, இத்தகைய சேவை எதை எடுத்தாலும் எதிர்ப்படக்கூடியவை. இதே யோசனையில் இருக்கும் மற்ற ஊழியக்காரர்களுக்கும் சபை வாலிபர் ஐக்கியங்களுக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

சேவையின் செயல்முறை எளிது. ஊழியத்தின் பெயரில் அவர்கள் ஒரு பக்கம் அமைத்துத் தருகிறார்கள். தாங்க விரும்புபவர் அதில் தொகையைத் தேர்ந்தெடுத்து, தம் கைபேசியிலுள்ள யுபிஐ செயலியில் ஒருமுறை பின் எண்ணை அடித்து ஆட்டோபேவுக்கு ஒப்புதல் கொடுத்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு மாதமும் 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரும். மறுநாள் பணம் வந்து சேரும். 15,000 ரூபாய் வரை மறுபடி பின் எண் கேட்பதில்லை. அந்த வரம்பை எட்டிப் பார்ப்பவர் எங்களில் எவரும் இல்லை. 100, 200, மிஞ்சினால் 500. வேண்டாம் என்று தோன்றினால், எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதே செயலியில் ரத்து செய்துவிடலாம். இந்தச் சேவையின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான். வீட்டு வாசலில் வந்து நிற்கும் சபைப் பிள்ளையிடம், முகத்துக்கு நேராக, இந்த மாதம் முடியாது என்று சொல்லக் கூசுகிற ஊர் எங்களுடையது. கைமாற்று வாங்கியாவது உறையை நிரப்பித் தந்தவர்கள் உண்டு என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

இரண்டாவது நன்மை, ஒழுங்கு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் உறைகள் பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பும்; சீருடை, புத்தகம், கட்டணம் எல்லாம் போக யாரிடம் என்ன மிஞ்சும்? அந்த மாதங்களில் தம்பியின் படி ஆகஸ்ட் வரைக்கும் இழுத்துவிடும், அவரும் வாய் திறந்து கேட்கமாட்டார். இந்த இரண்டு ஆண்டுகளில் அவருடைய படி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சேவைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். மற்ற இரண்டை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

கட்டணத்தை முதலில் சொல்லிவிடலாம். எங்களிடம் நூற்றுக்கு 2 ரூபாயும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்குகிறார்கள். 200 ரூபாய் கொடுத்தால் 4 ரூபாய் 72 காசு போக, 195 ரூபாய் 28 காசு எங்கள் கணக்குக்கு வருகிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வணிகரிடமிருந்து கட்டணம் பிடிப்பதில்லையே என்று கமிட்டியில் ஓர் அண்ணன் கேட்டார். அது பணம் கடந்துவரும் வழிக்கு உரிய சலுகை; இவர்கள் வாங்குவது நினைவூட்டி, வசூலித்து, ரசீது அனுப்பும் வேலைக்கான கூலி. உறை வாங்க ஐந்து ஊருக்குப் பஸ் ஏறியிறங்கிய செலவைக் கணக்குப் பார்த்தால் இது நியாயமான தொகைதான். நியாயமற்றது வேறொன்று. கட்டணப் பக்கத்தின் அடியில், நிறுவனத்துக்கு அன்பளிப்பு என்று 10 சதவீதம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது. 200 ரூபாய் என்று நினைத்துக் கொடுத்த ஆசிரியை ஒருவர் 220 போயிருப்பதை மூன்றாம் மாதம் பார்த்துவிட்டு, அந்த இருபது ரூபாய் முகாமுக்கா என்று என்னைக் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். எழுதிக் கேட்டு அதை நீக்கவைத்தோம்.

எங்களை உண்மையில் தடுமாறவைத்தது தேதி. பக்கத்தை அமைத்தபோது, பணம் பிடிக்கும் நாள் ஒன்றாம் தேதி என்று அவர்களே வைத்திருந்தார்கள். நாங்களும் யோசிக்காமல் விட்டுவிட்டோம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது பொருத்தமான நாளாக இருக்கலாம். எங்களைத் தாங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள். போன மாதம் தொழிற்சாலைக்குக் கொடுத்த பச்சைத் தேயிலைக்கு, தேயிலை வாரியம் அறிவிக்கும் மாதச் சராசரி விலையை ஒட்டி, இந்த மாதம்தான் பணம் வரும். அதுவும் ஒன்றாம் தேதி வருவதில்லை. மாதத் தொடக்கத்தில் அவர்கள் கணக்கில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. முதல் மாதம் ஒப்புதல் தந்த 41 பேரில் 17 பேருக்குப் பணம் பிடிக்க முடியவில்லை. போதிய இருப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி அவர்களுக்குப் போயிருக்கிறது. சபையில் மூப்பராக இருக்கும் ஒரு பெரியவர் ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்து, "என்ன பிரதர், கடன்காரனுக்கு வர்ற மாதிரி எனக்கு மெசேஜ் வந்திருக்கே" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் வெட்கப்பட்டார்.

தேதியை 18க்கு மாற்றினோம். அதற்குப் பிறகு தவறுவது மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று குறைந்துவிட்டது. ஆனால் எங்கள் சேவையில் ஏற்கெனவே கொடுத்த ஒப்புதலின் தேதியை மாற்ற வழியில்லை. பழையதை ரத்து செய்து, புதிதாகத் தொடங்க வேண்டும். ஆகையால் 41 வீடுகளுக்கும் நேரில் போனோம். அது நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை குன்னூர்ச் சரிவுகளைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட, ஒரு லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) சிக்னல் கிடைக்காமல், அந்த வீட்டு அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு பைப்படி வரைக்கும் போய் நின்றுகொண்டிருந்தார். திண்ணையில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "பணம் மட்டும் ஒழுங்கா போகுது தம்பி. நீங்கதான் வர்றதில்ல."

நான் ஏதோ சமாளித்தேன். அவர் விடவில்லை. பேரனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்க ஜெபிக்கச் சொல்ல வேண்டும் என்று ஆறு மாதமாகக் காத்திருந்ததாகவும், உறை வாங்க வருகிற பிள்ளையிடம் சொல்லலாம் என்றிருந்ததாகவும், பிள்ளையே வரவில்லை என்றும் சொன்னார். அதற்குள் பேரன் சேர்ந்தும் விட்டான். ஜெப அட்டையில் எழுத வேண்டிய ஒரு விண்ணப்பம், எழுத ஆளில்லாமல் கடந்துபோயிருந்தது.

இதைச் சேவையின் குறை என்று சொல்வது முறையாகாது. பணத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை, அதைச் செய்கிறார்கள். வசூலுக்குப் போகும் வேலை குறைந்ததும், போவதையே நிறுத்திவிட்டவர்கள் நாங்கள். சிறு காணிக்கை பணத்தை மட்டுமல்ல, கொடுப்பவரின் நினைவையும் ஊழியத்தோடு சேர்க்கிறது என்பது கேத்திக்குத் தெரியாத பாடமும் அல்ல. 1846இல் நீலகிரிக்கு வந்து கேத்தியில் தங்கி ஊழியம் செய்த, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பாசல் மிஷன், தன் செலவுக்குப் பெருஞ்செல்வர்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1855 முதல் அந்த மிஷனின் ஆதரவாளர்களிடையே வாரத்துக்கு ஒரு சிறு நாணயம் என்று வசூலிக்கும் ஏற்பாடு இருந்தது. அரை பாட்சன் காணிக்கை என்று அதற்குப் பெயர்; பாட்சன் என்பது பழைய சுவிஸ் நாணயம். சுவிட்சர்லாந்தில் எவரோ ஒருவர் ஒதுக்கிவைத்த அந்தச் சில்லறையில் ஒரு பங்கு இந்த மலைக்கும் வந்திருக்கும். நம் பெண்கள் ஐக்கியத்தின் கைப்பிடி அரிசியும் அந்த இனம்தான். அரிசிப் பானையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வைக்கிறவருக்கு, அந்த நேரத்தில் ஊழியத்தின் நினைவும் வந்துபோகிறது. ஆட்டோபேவில் அந்த நினைவு முதல் நாள் பின் எண்ணோடு முடிந்துவிடுகிறது.

வரி விஷயத்தில் மட்டும் நிறுவனத்தின் மீது எனக்கு நேரடியான வருத்தம் உண்டு. எங்கள் பக்கத்தின் மேற்பகுதியில், 80ஜி வரிச்சலுகை (நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு) உண்டு என்று ஒரு முத்திரையை அவர்களாகவே போட்டிருந்தார்கள். எங்களுக்கு 80ஜி அங்கீகாரம் கிடையாது. கேட்டாலும் கிடைப்பது கடினம். குறிப்பிட்ட ஒரு மதச் சமூகத்தின் நன்மைக்கென அமைந்த நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைகள்கூட மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயப் பணிக்குச் செலவிடக் கூடாது. எங்கள் செலவோ முழுவதும் சமயப் பணிதான். முத்திரையை நீக்கும்படி மூன்று முறை எழுதிய பிறகே நீக்கினார்கள். இடைப்பட்ட நாட்களில் இருவர் ரசீது கேட்டுவிட்டார்கள். கிடையாது என்று விளக்கியபோது எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி கழிவு எப்படியும் இல்லை என்பதை ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அங்கீகாரம் உள்ள அமைப்புகளும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கழிவு கிடையாது. கொடுத்தவர்களின் விவரங்களை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித்துறையிடம் உரிய படிவத்தில் தாக்கல் செய்து, அவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்ட நேரிடும். சேவை நிறுவனம் அனுப்பும் ரசீது இந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது.

இதைவிட ஆபத்தானது, வெளிநாட்டு அட்டைகளுக்கும் பக்கம் திறந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்ட ஓர் அக்கா, பாசத்தோடு ஒரு நல்ல தொகையை அனுப்ப முயன்றார். நல்லவேளையாக, அனுப்புமுன் என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடமிருந்து, அவர் இந்திய வம்சாவளியினராக இருந்தாலும், எப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். அதே குடும்பத்தில், குவைத்தில் செவிலியராக இருக்கும் தங்கை இந்தியக் குடிமகள். அவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. ஒரே வீட்டில் அக்கா கொடுக்கக் கூடாது, தங்கை கொடுக்கலாம் என்பதை அவர்களுடைய அப்பாவுக்குப் புரியவைக்க இரண்டு கோப்பைத் தேநீர் தேவைப்பட்டது. வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதியை அன்றைக்கே அடைக்கச் சொன்னேன். புதிதாகச் சேர்பவர்கள் பக்கத்தை எவருக்கும் பகிர்வதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

வாடிக்கையாளர் உதவி சுமார். இரண்டு நாளில் பதில் வருகிறது, ஆங்கிலத்தில்.

இந்தச் சேவை வந்த பிறகு அறுப்பின் பண்டிகை ஏலம் தேவையா என்று சென்ற ஆண்டு ஒரு பேச்சு எழுந்தது. நல்லவேளை, அடங்கிவிட்டது. ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர் அதை அப்படியே திரும்பப் படைக்க, மறுபடி ஏலம் விட, அதே பூசணி நான்கு கை மாறி, கடைசியில் போதகர் வீட்டுச் சாம்பாருக்குப் போய்ச் சேர்ந்ததை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். வர்க்கியும் கேக்கும் வாலிபர்களே சுட்டு விற்கிறார்கள். அதில் வரும் லாபம் பெரிதில்லை. ஆனால் எந்தப் பிள்ளை பொறுப்பெடுத்துச் செய்யும், எது நழுவிப் போகும் என்பது அந்த அடுப்படியில் தெரிந்துவிடும்.

ஆகவே சேவையை இந்த ஆண்டும் நீட்டித்திருக்கிறோம், சில ஏற்பாடுகளுடன். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி பட்டியலை எடுத்து நான்காகப் பிரித்து நான்கு வாலிபர்களிடம் கொடுக்கிறேன். தங்கள் பங்கிலுள்ள வீடுகளுக்கு அவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும். கையில் ஜெப அட்டையும் பேனாவும் மட்டும் இருக்கும். ஆட்டோபேவை ரத்து செய்தவர் வீட்டுக்கும் போக வேண்டும். அங்கே பணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது கமிட்டியின் தீர்மானம்.

அந்த லைன் வீட்டுக்கு நானே போகிறேன். முதல் முறை போனபோது அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து திண்ணையில் கவிழ்த்தார். மகனுடைய 200 வேறு, இது தன்னுடையது என்றார். இருவருமாக எண்ணினோம்: 86 ரூபாய், எல்லாம் சில்லறை. சேவையின் பக்கத்தில் 100 ரூபாய்க்குக் குறைவாக எதையும் பதிய இடமில்லை. பையின் அடியில் கிடந்த பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, கார்பன் தாளைச் செருகி, அவருடைய பெயரை எழுதிக் கொடுத்தேன்.