குயிக் ஃபார்மட்டா, ஃபுல் ஃபார்மட்டா?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடியோக்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: எந்த ஃபார்மட் போடுவது?

நேரம்: குயிக், சில நொடிகள். ஃபுல், 1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம், யுஎஸ்பி 2.0 என்றால் ராத்திரி முழுக்க.

பேட் செக்டர் (செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதி; பேட் என்றால் கெட்டுப்போனது): குயிக் கோப்பு அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், கெட்ட இடத்தைத் தேடாது. ஃபுல் எல்லா செக்டரையும் தொடும். விண்டோஸ் எக்ஸ்பியில் படித்துப் பார்ப்பதோடு சரி; விஸ்டாவிலிருந்து எங்கும் பூஜ்யம் எழுதுகிறது. இந்த எழுதுதல்தான் முக்கியம். படிக்க முடியாத செக்டரை டிஸ்க் 'பெண்டிங்' என்று குறித்து வைக்கும். அதில் மறுபடி எழுதும்போதுதான் சோதித்து, தேறாவிட்டால் உபரி செக்டருக்கு மாற்றும். உபரி தீர்ந்துவிட்டால், விண்டோஸ் அந்த இடத்தைத் தன் பட்டியலில் சேர்த்து ஒதுக்கிவிடும்.

தரவு மீட்பு: குயிக்குக்குப் பிறகு பெரும்பாலும் முடியும். விஸ்டாவோ அதற்குப் பிந்தைய விண்டோஸோ போட்ட ஃபுல்லுக்குப் பிறகு முடியாது.

நல்ல டிஸ்க்கைக் காலி செய்ய குயிக் போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, காப்பி செய்யும்போது திணறுவது என்றால் ஃபுல்தான். அப்புறம் ஸ்மார்ட் அட்டவணையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 'ரீஅலோகேட்டட்' எண்ணை, அதாவது உபரிக்கு மாற்றிய செக்டர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். மறுநாளும் அது ஏறினால், அப்பத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை அந்த டிஸ்க்கில் வைக்காதீர்கள்.