முத்துப்பேட்டை படகுப் பயணம்: மரத்தை விட்டுவிட்டு வாய்க்காலைப் பாருங்கள்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்த கண்ணோடு திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வருகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் ஏமாற்றம்தான். அங்கே துடுப்புப் படகு சுரபுன்னை மரக் குடைக்குள் நெளிந்து நெளிந்து போகும். இங்கே ஜாம்புவானோடை படகுத்துறையில் ஏறினால், மோட்டார் படகு கோரையாற்றின் அகலத்தில் கடல் பக்கம் இறங்கி முள்ளிப்பள்ளம் லகூனில் (கடலோர உப்பங்கழியில்) கொண்டுபோய் விடும். இரு கரையிலும் வெண்கண்டல் மரம், அதை விட்டால் மறுபடி வெண்கண்டல். வெறும் காட்சிக்கு என்றால் பிச்சாவரமே போதும். அழிந்த காட்டை எப்படி மீட்கிறார்கள், அதில் ஊர்க்காரர்களுக்கு என்ன பங்கு என்று பார்க்க வேண்டுமானால் இங்கே வாருங்கள்.

கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக வெட்டிய காடு இது. 1970கள் வரை அதுதான் வழக்கம். மரம் போன இடத்தில் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, மண் அமுங்கி, தரை தாம்பாளமாகக் குழிந்தது. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் வற்றும்போது வெளியேற வழியில்லாமல் அங்கேயே காய்ந்து, உப்பு கூடிக்கொண்டே போனது. இப்படிப்பட்ட பொட்டலில் உமரி என்ற உப்புச்செடி வரும்; கண்டல் மர விதை பிழைக்காது. எத்தனை நாற்று நட்டாலும் வீண்தான்.

ஆகவே முதல் வேலை தண்ணீருக்கு வழிவிடுவது. ஆற்றோடு சேரும்படி ஒரு தாய் வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். மேலே அகலமாக, அடியில் குறுகலாக வெட்ட வேண்டும். செங்குத்தாக வெட்டினால் சேற்றுக்கரை சரிந்துவிடும். நாற்றைக் கரையின் உச்சியில் வைத்தால் உப்பில் கருகும், அடியில் வைத்தால் மூழ்கி அழுகும். சரிவின் நடுவில், ஓதம் தினமும் நனைத்துவிட்டுப் போகும் மட்டத்தில் வைப்பதுதான் சரி. ஆடு மாடு மேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், வெண்கண்டல் தழை அவற்றுக்கு அத்தனை ருசி.

இந்தப் பக்கத்து மீனவர்களுக்கு வாய்க்கால் மீன்பிடி பழைய தொழில். காட்டுக்குள் வாய்க்கால் வெட்டுவார்கள். ஏற்றத்தில் மீன் உள்ளே வரும், வற்றத்தில் வாய்க்காலின் வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். வாய் தூர்ந்தால் மீன் இல்லை, அதனால் தூர் எடுக்காமல் விடமாட்டார்கள். மரத்துக்கும் வேண்டியது அதே திறந்த வாய்தான். காட்டைக் காக்க ஊரை வெளியே நிறுத்த வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். படகோட்டியிடம் கேட்டால் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். கேட்கத்தான் ஆள் குறைவு.

குறையும் இருக்கிறது. மழைக்கால வண்டல் மீன்முள் வாய்க்காலைச் சில வருடத்தில் அடைத்துவிடும். வெட்டும்போது இருக்கிற சுறுசுறுப்பு தூர் வாரும்போதும் இருந்தால்தான் காடு நிற்கும், இல்லையென்றால் மறுபடி தாம்பாளம். இன்னொன்று, கடைமடைக்கு நன்னீர் வரத்து குறையக் குறைய உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் தங்கி மற்ற இனங்கள் ஒதுங்கிவிடுகின்றன. நீங்கள் பார்க்கும் ஒரே பச்சைக்கு அதுதான் காரணம். இதை வாய்க்கால் வெட்டித் தீர்க்க முடியாது, காவிரித் தண்ணீர் வந்தாக வேண்டும். 2018 நவம்பர் கஜா புயலில் இந்தக் காடு பட்ட அடி வேறு கதை. முறிந்த வெண்கண்டல் அடியிலிருந்து துளிர்க்கும். சுரபுன்னையின் முதிர்ந்த மரம் அப்படித் துளிர்க்காது.

போகிறவர்கள் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஓத நேரத்தையும் விசாரியுங்கள். வற்றத்தில் லகூனில் படகு தரை தட்டும், ஆனால் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களும் வாய்க்கால் வாய்களும் அப்போதுதான் தெரியும். இறங்கு ஓதத்தின் தொடக்கத்தில் கிளம்பினால் இரண்டும் கிடைக்கும். பறவைகளுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. குடிதண்ணீர் கையோடு வேண்டும். கரையோரம் மோட்டாரைக் குறைக்கச் சொல்லுங்கள், படகு அலையில் கரை அரிக்கும். வழியில் தில்லை மரம் தென்பட்டால் கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.